வால்ட்ஸில் யார் பின்னால் போவது

நம் நடன மண்டபத்துச் சாவியை உங்கள் இருவரிடமும் ஒப்படைத்த அன்று, "டீச்சர், நல்ல புத்தி நாலு சொல்லிட்டுப் போங்கோ" என்று கேட்டீர்கள். எனக்கு அன்று முழங்கால் வலி. வலியோடு சொல்லும் புத்தி யாருக்கும் உதவாது என்பதால் தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இப்போது மருந்து வேலை செய்கிறது. காலை நீட்டிக் கதிரையில் இருக்கிறேன். எழுத்தில் சொல்வதால் நீங்கள் இடையில் வாய் திறக்கவும் முடியாது. ஆகவே கேளுங்கள்.

காலடி எண்ணுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இப்போது வரும் சோடிகள் தொலைபேசியில் பார்த்தே பாதி பழகிவிட்டு வருகிறார்கள். தலைக்கு மேல் தூக்குவதைக் காட்டித் தாருங்கள், முழங்காலில் சறுக்குவதைக் காட்டித் தாருங்கள் என்று கேட்பார்கள். அதற்கு நீங்களே போதும், உங்களுக்கு முழங்கால் இருக்கிறது. நான் சொல்ல நினைப்பது வேறு. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உங்கள் முன்னால் நிற்கும்போது நீங்கள் எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டும்தான்.

மீனும் தேங்காயும் விற்கிற சிலாபத்தில் வால்ட்ஸ் என்கிற மேனாட்டுச் சோடி நடனத்துக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். காலையில் மாதா கோயிலில் ஆசீர்வாதம், பின்னேரம் மண்டபத்தில் விருந்து. கேக் வெட்டி, கிளாஸ் தூக்கி, பேசத் தெரியாத பெரியவர்கள் எல்லாரும் பேசி முடித்த பிறகு, மணமக்கள் தனியே இறங்கி ஒரு வால்ட்ஸ் ஆட வேண்டும். அது முடிந்தால்தான் மற்றவர்களுக்குத் தளம் திறக்கும். பிறகு எல்லாரும் துள்ளி ஆடும் பைலாதான், சப்பாத்து பிய்யும் வரைக்கும். பைலாவை இங்கே யாருக்கும் பழக்கத் தேவையில்லை. எங்களுக்குச் சோறு போட்டது அந்த ஒற்றை வால்ட்ஸ்.

நான் தொடங்கிய காலத்தில் சோடிகள் தனியாக வருவதில்லை. பெண்ணின் தாயோ பெரியம்மாவோ கூடவே வந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இருவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கண்ணாலேயே அளப்பார்கள். அப்படி வந்த ஒரு தாய்க்கு இடைவெளி போதவில்லை. எழுந்து வந்து, தன் கைப்பையை இருவரின் நெஞ்சுக்கும் நடுவில் செருகிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பையை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். வீசவில்லை. "பை கீழ விழாம ஆடுங்கோ" என்றேன். பை விழக் கூடாது என்றால் நெஞ்சு நிமிர வேண்டும், இருவரும் ஒரே அளவில் நகர வேண்டும். அதுவரை கூனிக்கொண்டு ஆடிய இருவரும் அன்றைக்குத்தான் நேராக ஆடினார்கள். தாய்க்கும் சந்தோஷம். அதன் பிறகு கைப்பை வைத்துப் பழக்குவது எங்கள் மண்டபத்தின் வழக்கமாகிவிட்டது. வீட்டார் குறுக்கே ஒன்றை வைத்தால் உடனே பிடுங்கி எறியாதீர்கள். அதை வைத்துக்கொண்டு ஆட முடியுமா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் எல்லா வீட்டாரும் கைப்பையோடு வருவதில்லை. ஒருவர் சத்தியத்தோடு வந்தார். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் பீலிக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பீலிக்ஸ் என்னோடு சேர்ந்து பழக்கியவர். பகலில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கோட் தைப்பார், பின்னேரம் மண்டபத்துக்கு வருவார். நாங்கள் புருஷன் பெண்சாதி இல்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள், மீதிப் பேர் அதைவிட மோசமாக நினைத்தார்கள். என் வீட்டுக்காரர் ஆடமாட்டார், கிரிக்கெட் பார்ப்பார். பீலிக்ஸின் மனைவி ஆடுவாள், ஆனால் அவரோடு ஆடமாட்டாள். ஆடும்போது உபதேசம் செய்கிறார் என்பது அவள் குற்றச்சாட்டு. நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. மண்டபத்துக்குள் சண்டை இல்லை, சண்டை எல்லாம் படிக்கட்டில். அந்தப் படிக்கட்டுக்கு வாய் இருந்தால் இரண்டு பேரையும் நீதிமன்றத்தில் ஏற்றியிருக்கும்.

என்னைப் பழக்கியவர் நீர்கொழும்புப் பக்கம். பெயர் வேண்டாம், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். யோசிப்பது ஆணின் வேலை, நம்புவது பெண்ணின் வேலை என்று சொல்லித்தான் அவர் வால்ட்ஸைத் தொடங்குவார். ஆண் முன்னால் அடி வைப்பான், எந்தப் பக்கம் போவது, எப்போது திரும்புவது என்று அவன் முடிவெடுப்பான். பெண் பின்னால் போவாள். நானும் வாய் கூசாமல் அதையே பழக்கி வந்தேன். ஆனால் பீலிக்ஸோடு ஆடும்போது, ஒவ்வொரு முறையும் மண்டபத்துத் தூணுக்குக் கிட்டே வந்ததும் அவர் தோளில் என் இரண்டு விரல் அழுத்தும். அழுத்தாவிட்டால் மனிதர் நேரே தூணில்தான் போய் முடிவார். பார்ப்பவர்கள், "பீலிக்ஸ் மாஸ்டர் என்ன அழகா டீச்சரைக் கொண்டு போறார்" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

ரெஜினா பெண்கள் பாடசாலையொன்றில் விளையாட்டு டீச்சர். நல்ல உயரம், நல்ல குரல், மைதானத்தின் அந்தக் கரையில் நிற்கும் பிள்ளையை இந்தக் கரையில் நின்று உட்கார வைக்கக்கூடியவள். ஜூட்டுக்கு நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் வேலை. அமைதியான பொடியன். யாராவது பகிடி விட்டால் முதலில் சிரிக்கிறவன் அவன்தான், அது அவனைப் பற்றிய பகிடியாக இருந்தாலும். கல்யாணத்துக்கு மாதம் இரண்டு கிடக்க, இருவரும் வந்தார்கள்.

புதிதாக வரும் சோடியிடம் நான் முதலில் ஒன்றும் சொல்லமாட்டேன். "தெரிந்ததை ஆடுங்கோ" என்று பாட்டைப் போட்டுவிடுவேன். இவர்களுக்கும் போட்டேன். ரெஜினா வலது கையால் ஜூட்டின் முதுகை அணைத்தாள். ஜூட் இடது கையை அவள் தோளில் வைத்தான். இது பெண் வைக்கிற இடம். அவள் முன்னால் அடி வைத்தாள், அவன் பின்னால் போனான். மண்டபத்தைச் சுற்றி வந்தார்கள் பாருங்கள், நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். தூணும் இல்லை, சுவரும் இல்லை, அவர்கள் இருவரும் மட்டும்தான். கல்யாணச் சோடிகளில் அப்படி ஆடியவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

"எங்க பழகினீங்க?" என்று கேட்டேன்.

"கொன்வென்ட்ல டீச்சர்," என்றாள் ரெஜினா. "அங்க ஆம்பிளைப் பிள்ளைகள் ஏது? உயரமான பிள்ளைகளை ஆம்பிளைப் பக்கம் நிப்பாட்டுவாங்க. நான் சின்னதிலேயே வளந்திட்டன். அதோட நிண்ட நிலைதான், பொம்பிளைப் பக்கம் எனக்கு ஒருத்தரும் காட்டித் தரேல்ல."

"நீர்?"

"எனக்கு மூண்டு அக்காமார்," என்றான் ஜூட். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கல்யாண வீடு வருகிறதென்றால் அக்காமார் மூன்று பேரும் மாறி மாறித் தம்பியைப் பிடித்து இழுத்துத்தான் பழகியிருக்கிறார்கள்.

இருவரும் சந்தித்ததே அப்படித்தானாம். மாரவிலவில் ஒரு கல்யாணம். யாரோ ஒரு மாமி இருவரையும் பிடித்துத் தளத்துக்குள் தள்ளிவிட்டிருக்கிறார். அதுவரை ரெஜினாவோடு ஆடிய ஆண்கள் எல்லாரும் அவளோடு மல்லுக்கட்டியவர்கள். அதுவரை ஜூட்டோடு ஆடிய பெண்கள் எல்லாரும், இவன் எப்போது ஏதாவது செய்வான் என்று காத்துக்கொண்டு நின்றவர்கள். அன்று இரண்டு பேருக்கும் முதல் முறையாக ஆட்டம் சரியாக வந்தது. பிறகு பிடித்த கையை விடவே இல்லை.

"பிறகென்ன, நல்லாத்தானே ஆடுறீங்க. எதுக்கு என்னட்ட வந்தீங்க?" என்றேன்.

பதிலை ஜூட் சொல்லவில்லை. படிக்கட்டில் ஏறி வந்துகொண்டிருந்தவர் சொன்னார்.

ஜூட்டின் தகப்பன் ஊரில் பெரிய சம்மாட்டி. கடலுக்குப் போகும் போட் பல வைத்திருப்பவர், அவற்றில் போகும் ஆட்களுக்கும் அவர் பேச்சுத்தான். பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்களை நான் கண்டதில்லை, எல்லாருக்கும் சம்மாட்டியார்தான். நிச்சயதார்த்தத்தன்று வீட்டு முற்றத்தில் இவர்கள் இருவரும் ஆடியதை அவர் பார்த்திருக்கிறார். அவர் மட்டும் பார்த்திருந்தால் பரவாயில்லை, மற்ற சம்மாட்டிமாரும் பார்த்திருக்கிறார்கள். அடுத்த நாள் கரையில் வலை இழுக்கும்போது பகிடி தொடங்கிவிட்டது. மருமகள் வரும்போதே கடிவாளத்தோடு வருகிறாளாம்.

"டீச்சர்," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "கலியாணத்தண்டு என்ர மகன் ஆம்பிளை மாதிரி ஆடவேணும். இவன் பின்னுக்குப் போனான் எண்டா நான் எழும்பிப் போயிடுவன். சத்தியமா. அதுக்குப் பிறகு அந்த மண்டபத்துக்கும் வரமாட்டன், இவங்கட முகத்திலயும் முழிக்கமாட்டன்."

வந்த வேகத்திலேயே இறங்கிப் போய்விட்டார். ஜூட் தரையைப் பார்த்தான். "அப்பா சும்மா சொல்றதில்ல டீச்சர். சின்ன மாமாவோட கதைக்கமாட்டன் எண்டு ஒரு நாள் சொன்னவர். மாமாவிட செத்த வீட்டிலதான் பிறகு கதைச்சவர்."

அவர்கள் குடியிருக்கப் போவதும் அதே வீட்டின் மேல்மாடி. மாமனார் முகம் திருப்பிக்கொண்ட வீட்டுக்குள் ரெஜினா எப்படிப் போவாள்? தகப்பனைத் தொலைத்துவிட்டு ஜூட் எப்படிச் சிரிப்பான்? ஒரு வால்ட்ஸ்தான், ஆனால் அதில் இவ்வளவும் தொங்கியது. ரெஜினாவே சொல்லிவிட்டாள்: "மாத்திப் பழகுறம் டீச்சர். என்ன பெரிய வேலை, காலை மாத்தி வைக்கிறதுதானே."

மாற்றினோம். ஐயோ, அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்வது! ரெஜினா பின்னால் போகும்போது மரக்கட்டையாகிவிடுவாள். ஜூட் முன்னால் வரும்போது, பஸ்ஸில் இடம் கேட்கிறவனைப் போல ஒவ்வொரு அடிக்கும் மன்னிப்புக் கேட்பான். "நீ சொல்லு எங்க போறதெண்டு," என்பாள் அவள். "நீ விட்டாத்தானே சொல்ல," என்பான் அவன். சிரித்துக்கொண்டு படி ஏறிய இருவரும், கொஞ்ச நாளில் தனித்தனியாக வரத் தொடங்கினார்கள். அவள் ஸ்கூட்டரில், அவன் பஸ்ஸில். ஒரு பின்னேரம் ரெஜினா நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, "விரல் வீங்குது டீச்சர்" என்றாள். விரல் வீங்கவில்லை. எத்தனை வருடம் நான் கைகளைப் பார்த்திருக்கிறேன், வீங்கிய விரல் எனக்குத் தெரியாதா?

அன்று படிக்கட்டில் பீலிக்ஸிடம் சொன்னேன்: "இவங்கட கலியாணம் ஆட்டத்திலதான் தொடங்கினது. இந்த மண்டபத்திலயே முடிஞ்சிடும் போல கிடக்கு."

அப்போதுதான் பீலிக்ஸ் அந்த யோசனையைச் சொன்னார். கெட்டிக்காரத்தனமான யோசனை. "கை எல்லாம் வழக்கப்படி இருக்கட்டும். அவன் அவளைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கட்டும், அவன் முன்னுக்கு வாற மாதிரி வரட்டும். வழியை மட்டும் அவள் காட்டட்டும். நீங்க என்னைத் தூணில இருந்து காப்பாத்திறீங்களே, அது மாதிரி." மனிதருக்கு அந்த இரண்டு விரல் இத்தனை காலமும் தெரிந்தே இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அது உடனே சரி வந்தது. ஜூட்டின் கை ஆணின் இடத்தில், ரெஜினாவின் கை பெண்ணின் இடத்தில். ஆனால் அவள் விரல் அழுத்தும் பக்கம் அவன் போனான். வெளியே நின்று பார்த்தால் மாப்பிள்ளை பெண்ணைக் கொண்டுபோகிறான். மோதிரம் விரலுக்குத் திரும்பியது. எனக்கும் மூச்சு வந்தது.

சனிக்கிழமை கல்யாணம். கடைசிப் பழக்கத்துக்குச் சம்மாட்டியார் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். பாட்டு முடிந்ததும் அவர் முகத்தில் சந்தோஷம் பொங்கி வழிந்தது. "இப்பதான் என்ர மகன்!" என்று அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "பாத்தீங்களா டீச்சர், எப்பிடிச் சுழட்டிறான் அவளை? சொன்ன சொல்லுக்கு வாறாள். இப்பிடித்தான் இருக்கோணும் வீட்டிலயும்." ரெஜினாவைப் பார்த்துச் சிரித்துவிட்டும் போனார். கெட்ட எண்ணத்தோடு அல்ல, அன்பாகத்தான் சிரித்தார்.

அவர் போன பிறகு ரெஜினா படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். சண்டைக்கு என்றே இருந்த படிக்கட்டில் அவள் சண்டை பிடிக்கவில்லை, அழுதாள்.

"அவர் என்னையும் புகழேல்ல, உன்னையும் புகழேல்ல ஜூட். இல்லாத ஒருத்தனைப் புகழ்ந்திட்டுப் போறார்."

"சனிக்கிழமை மட்டும்தானே ரெஜி. ஒரு பாட்டு. சமாளிப்பம்."

"கலியாணம் சனிக்கிழமையோட முடியிறதில்ல."

இருவரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். இந்தத் தொழிலில் ஒரு நாள் உங்களையும் இப்படிப் பார்ப்பார்கள். வாய் துறுதுறுக்கும். மறைத்து ஆடுங்கள், தகப்பன் முக்கியம் என்று சொல்லலாம். மறைக்காமல் ஆடுங்கள், மானம் முக்கியம் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் சனிக்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் இருக்கப் போவது நீங்கள் அல்ல. நான் சொன்னது இவ்வளவுதான்: "எப்பிடிப் பிடிச்சாலும் உங்களுக்கு ஆட்டம் வரும், அதுக்கு நான் பொறுப்பு. எப்பிடிப் பிடிக்கிறதெண்டு நீங்க ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ. எனக்கும் சொல்ல வேணாம்."

அவர்கள் போனதும் பீலிக்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன விசர்க் கதை கதைக்கிறீங்க? சம்மாட்டியார் எழும்பினா எங்கட பேரும் சேர்ந்து எழும்பும். சிலாபத்தில ஒருத்தனும் பிறகு இந்தப் படி ஏறமாட்டான்." அவர் சொன்னதும் சரிதான். எனக்கும் அன்று நித்திரை இல்லை.

சனிக்கிழமை வந்தது. கடலேரி ஓரமாக உள்ள பெரிய மண்டபம். முன்வரிசை மேசையில் சம்மாட்டியார், மனைவி, ஊரின் மற்றச் சம்மாட்டிமார் எல்லாரும். கேக் வெட்டினார்கள், பேச்சும் முடிந்தது, அறிவிப்பாளர் மணமக்களை அழைத்தார். வெள்ளை உடுப்பில் ரெஜினா, பீலிக்ஸ் தைத்த கோட்டில் ஜூட். தளத்தின் நடுவில் வந்து நின்றார்கள். ஜூட் ஒரு முறை தகப்பனைப் பார்த்தான். பிறகு இடது கையைத் தூக்கி, மெதுவாக ரெஜினாவின் தோளில் வைத்தான்.

மாற்றிப் பிடித்துவிட்டார்கள் என்று பேண்ட்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். திருத்திக்கொள்ளட்டும் என்று வாசிக்காமல் நின்றார்கள். ஒலிவாங்கியைப் பிடித்திருந்த அறிவிப்பாளருக்கு ஒரு பகிடி வந்துவிட்டது, உதடு பிரிவதைப் பார்த்தேன். அந்தப் பகிடி வெளியே வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பேண்ட் தலைவர் என்னைப் பார்த்தார், அவர்களுக்கு எப்போதும் சைகை காட்டுவது நான்தான். யோசிக்க நேரமில்லை. தலையை ஆட்டினேன். வாசித்தார்கள்.

அந்த ஆட்டத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. முதன்முதலில் எங்கள் மண்டபத்தில் ஆடியது போலவே ஆடினார்கள். பெண்களின் மேசைகளில் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் முன்வரிசையில் ஒருவர் கேட்கும்படியாகவே சொன்னார்: "இதில மாப்பிள்ளை ஆரப்பா?" மேசை சிரித்தது. சம்மாட்டியார் எழுந்தார். கதிரை பின்னால் விழுந்தது. அவர் வாசலை நோக்கி நடந்தார். சிரித்தவர்கள் சிரிப்பை விழுங்கிவிட்டு, தாங்களும் எழுவதா இருப்பதா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுழலும்போது ஜூட் அதைப் பார்த்துவிட்டான். அவன் முகம் செத்துவிட்டது. ஆனால் கால் நிற்கவில்லை. ரெஜினா நிற்க விடவில்லை.

பீலிக்ஸ் என் முழங்கையைப் பிடித்தார். "விடுங்கோ. குடும்பக் கதை." கையை உதறிவிட்டுப் போனேன்.

வாசலில் மறித்தேன். "சம்மாட்டியார், உங்கட போட்ல இஞ்சின் பிடிக்கிறது ஆரு? நீங்களா, கூலிக்கு வாற பொடியனா? அவன் பிடிச்சா நீங்க முதலாளி இல்லையெண்டு ஆகுமா?" வரும் வழியில் யோசித்து வந்த வசனம். நல்ல வசனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"போட் வேற, கலியாணம் வேற. வழி விடுங்கோ டீச்சர்."

போச்சு. வசனம் தீர்ந்துவிட்டது. கெட்டிக்காரப் பேச்சால் கோபக்காரரைத் திருப்பலாம் என்று நம்பாதீர்கள், இன்னும் கோபம்தான் வரும். வேறு ஒன்றும் தோன்றாமல், கையை நீட்டினேன். "போறதெண்டா போங்கோ. என்னோட ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்கோ."

எங்கள் பக்கத்தில் ஆட்டத்துக்கு நீட்டிய கையைத் தட்டிவிடுவது, இலையில் போட்ட சோற்றைத் தள்ளிவிடுவது மாதிரி. எதிரியாக இருந்தாலும் அப்படிச் செய்யமாட்டார்கள். அவர் என் கையைப் பார்த்தார், சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"எனக்கு ஆடத் தெரியாது."

எத்தனை கல்யாணங்களில் இந்த மனிதரைப் பார்த்திருக்கிறேன்! தளம் திறந்ததும் வாசலுக்குப் போய்விடுவார், டீசல் கதையும் ஐஸ் கதையுமாக அங்கேயே நிற்பார். பெருமை பிடித்தவர் என்று நினைத்திருந்தேன். கோபம் என்று நான் நினைத்ததில் பாதி வெட்கம். முன்னால் போகத் தெரியாத ஆணுக்கு ஆட்டத்தில் இடமே இல்லை என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரை வாசலில் நிற்க வைத்திருக்கிறோம். உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான். கத்துகிறவரின் வாயைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்.

"தெரியாட்டி இன்னும் நல்லது," என்றேன். "நீங்க ஒண்டும் செய்ய வேணாம். நான் தள்ளினா பின்னுக்குப் போங்கோ. இழுத்தா முன்னுக்கு வாங்கோ."

அவர் கையைத் தந்தார். வலை இழுத்துக் காய்ச்சுப்போன கை. மணமக்களின் ஆட்டத்துக்குள் வேறு யாரும் இறங்கக் கூடாது என்று எத்தனையோ பேருக்கு அடித்துச் சொன்னவள் நான். அவரை வாசலோரமாகவே நகர்த்தி, கரையோரமாகத் தளத்துக்குள் கொண்டு வந்தேன். பாரமான மனிதர். என் முழங்கால் அன்றைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

"எப்ப திரும்பிறது?"

"நான் திருப்புவன்."

"விழுந்தா?"

"விழமாட்டீங்க. விழுந்தா ரெண்டு பேருமாத்தான்."

கொஞ்ச நேரத்தில் அவர் தோள் இறங்கியது. என் தலைக்கு மேலால் தன் மகனைப் பார்த்துக்கொண்டே வந்தார். முன்வரிசை மேசையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அவன் பயப்படேல்ல, என்ன?" என்றார்.

"இல்ல."

"என்னைப் பாத்திட்டான். இப்ப சிரிக்கிறான்."

பாட்டு முடிந்தது. கைதட்டல் யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. சம்மாட்டியார் என் கையை விடாமல் நின்றார். மேசைப் பக்கம் பார்த்தார். அவர் மனைவி எழுந்து நின்று, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

"டீச்சர்," என்றார் மெதுவாக. "அவக்கு இதைச் சொல்லிக் குடுக்க ஏலுமா?"

"எதை?"

"இப்ப நீங்க செஞ்சதை. கலியாணம் முடிச்ச நாளில இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறா, ஒருக்கா ஆடுவம் எண்டு."

என்னால் ஏலும்தான். ஆனால் அந்த வேலை என்னுடையது அல்ல என்று பட்டது. "என்னைவிட நல்லாப் பழக்கிற ஒரு ஆள் உங்கட வீட்டுக்கே வருகுது," என்றேன். "அவளிட்டக் கேளுங்கோ."

மனிதர் கோட்டை இழுத்துச் சரி செய்தார். பிறகு எல்லாரும் பார்த்திருக்க, தளத்தின் நடுவுக்கே நடந்து போய் ரெஜினாவுக்கு முன்னால் நின்றார். ரெஜினாவின் கை ஜூட்டின் முதுகிலேயே இருந்தது, அவள் எடுக்கவில்லை.

"மகள்," என்றார். "மாமிக்கு ஆம்பிளைப் பக்கம் பழக்கி விடுவியா? எனக்கு அது வராது."

ரெஜினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மைதானத்தில் பிள்ளைகளைப் பார்ப்பது போல அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பழக்கலாம் மாமா. ஆனா மாமி இழுக்கிற பக்கம் நீங்க வரவேணும்."

சம்மாட்டியார் மேசைப் பக்கம் திரும்பி, மனைவியைப் பார்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"வாறன்."